கெம்பஸ் கிடைச்சா காணுமா? பட்டப்படிப்பைத் திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் சனிக்கிழமை காலைகளில் நான் இருப்பேன். உயர்தரப் பெறுபேறு வந்த கிழமைகளில் மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வருவார்கள். மற்ற மாதங்களில் ஏற்கெனவே கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கிறவர்கள் வருவார்கள். முகங்கள்தான் மாறும், சந்தேகங்கள் அதேதான். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ஒரு சின்ன விசயத்தை நேரத்துக்குக் கேட்காமல் விட்டு ஒரு வருடத்தை இழந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

1. "எனக்கு இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைவு. திருகோணமலைக்குக் கோட்டா இருக்காமே, அதால கிடைச்சிடும்தானே?"

இசட் ஸ்கோர் என்பது உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடுவதற்காகக் கணக்கிடும் தர மதிப்பு. கோட்டா இருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை ஒழுங்கில் நிரப்பப்படும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பதினாறில் ஒன்று.

ஆனாலும் அந்த இடங்களுக்கு நம்முடைய மாவட்டத்துப் பிள்ளைகளுக்குள்ளேயே போட்டி இருக்கிறது, வெட்டுப்புள்ளி, அதாவது எடுபடத் தேவையான ஆகக்குறைந்த இசட் ஸ்கோர், வருடா வருடம் மாறுகிறது. போன வருடப் புள்ளியைப் பார்த்து ஒரு மதிப்புக்கு வரலாம். அதை நம்பி விண்ணப்பத்தில் நாலைந்து தெரிவுகளோடு நிறுத்திவிடாதீர்கள்.

2. "விண்ணப்பத்தில எதை முதல் போடுறது? விருப்பமானதையா, கிடைக்கக்கூடியதையா?"

விருப்பமானதை. தெரிவு உங்கள் பட்டியலின் மேலிருந்து கீழேதான் பார்க்கப்படும். எட்டாததை மேலே போட்டால் அது தவறி அடுத்ததற்குப் போகும், அதனால் உங்களுக்கு நட்டமில்லை. பயத்தில் "கிடைக்கக்கூடியதை" முதலில் போட்டால் அது கிடைத்த இடத்தோடு கதை முடிந்துவிடும், கீழே எழுதிய ஆசைகளை எவரும் பார்க்க மாட்டார்கள்.

3. "கோணேசபுரியில கிடைச்சிருக்கு. வெளியூர் கெம்பஸ் எண்டாத்தான் மதிப்பு எண்டு மாமா சொல்றார். என்ன செய்ற?"

கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2001 இல் வளாகமாக உயர்ந்தது. அங்கே படித்து முடித்தால் கையில் வருவது கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டம். பிரதான வளாகமான வந்தாறுமூலையில் படித்தவருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல் மற்றும் வணிகம், சித்த மருத்துவம் என்று அங்கே உள்ள துறைகளில் உங்களுக்கு விருப்பமானது இருந்தால் இடத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். வீட்டுச் சாப்பாட்டோடு நிலாவெளி வீதி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு நாலு வருட அறை வாடகை மிச்சம். அந்தக் காசில் ஒரு லாப்டொப்பும் நல்ல ஆங்கில வகுப்பும் எடுக்கலாம். மூதூர், சேருவில பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. தினமும் போய்வந்தால் களைத்துப் போவார்கள், அவர்கள் விடுதிக்கு முதல் நாளே விண்ணப்பிக்க வேண்டும்.

4. "கிரெடிட் கிரெடிட் எண்டு சொல்லினம். ஓ.எல்.இல எடுத்த சி மாதிரியா?"

பெயர் ஒன்று, பொருள் வேறு. சாதாரண தரத்தில் சி என்றால் திறமைச் சித்தி. பல்கலைக்கழகத்தில் கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. வழமையாக 15 மணித்தியால விரிவுரை ஒரு கிரெடிட். செய்முறை வேலை என்றால் 30 மணித்தியாலம் அளவில் ஒரு கிரெடிட். பட்டங்களுக்கும் டிப்ளோமாக்களுக்கும் மட்டம் வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி வீட்டில் படிக்கும் நேரம், ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் என்று கணக்கு.

வருடத்துக்கு 30 கிரெடிட் என்பது பொதுவான அளவு. 1500 மணித்தியால உழைப்பு. முதல் செமஸ்டரில் மட்டும் 15 கிரெடிட் எடுத்தவர் 750 மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். பரீட்சைக்கு மூன்று கிழமை முன்னால் தொடங்கினால் நேரம் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

5. "ஜெனரல், ஸ்பெசல் ரெண்டுக்கும் ஒரு வருசம்தானே வித்தியாசம்?"

ஒரு வருடமும் 30 கிரெடிட்டும். பொதுப் பட்டம் மூன்று வருடம், குறைந்தது 90 கிரெடிட், தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். முன்பு சிறப்பு என்று சொன்னதை இப்போது கௌரவப் பட்டம் என்கிறார்கள். நாலு வருடம், குறைந்தது 120 கிரெடிட், 6ஆம் மட்டம். கௌரவப் பட்டத்தில் ஒரு துறையை ஆழமாகப் படிப்பதோடு ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டியிருக்கும். எல்லாக் கற்கைநெறியிலும் இந்தத் தெரிவு இல்லை. சிலவற்றில் சேரும்போதே நாலு வருடம்தான்.

6. "மாணவர் கைநூலை ஆர் வாசிக்கிறது? சீனியர் அண்ணா எல்லாம் சொல்லித் தந்திட்டார்."

அண்ணா சொன்னது அவருடைய பெட்ச்சுக்கு, அதாவது அவரோடு ஒரே வருடம் சேர்ந்தவர்களுக்கு, உண்மையாக இருந்திருக்கும். பாடத்திட்டம் திருத்தப்படும்போது எது கட்டாயம், எதற்கு எத்தனை கிரெடிட் என்பது பெட்ச்சுக்குப் பெட்ச் மாறும். நீங்கள் பதிவு செய்த வருடத்துக்கான கைநூலும் துணைவிதிகளும்தான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பட்டத்துக்குத் தேவையான மொத்தக் கிரெடிட், கட்டாயப் பாடங்களின் பட்டியல், எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை, வகுப்புச் சித்திக்கான நிபந்தனை, வருகை, மருத்துவச் சான்றிதழ், ஆகக்கூடிய படிப்புக் காலம். இவை இருக்கும் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கோவையில் வையுங்கள். கீழே வரும் பதில்களில் "கைநூலைப் பாருங்கள்" என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தப் பக்கங்களைத்தான் சொல்கிறேன்.

7. "அட்வைசர் எண்டு ஒரு சேரைப் போட்டிருக்கினம். அவரிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது? கூச்சமா இருக்கு."

இதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. நம்முடைய பள்ளிக்கூடங்களில் பிழை செய்தால்தான் ஆசிரியர் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் விரிவுரையாளரின் கதவடியில் நின்று, தட்டாமலே திரும்பி வருகிறார்கள். ஒரு பிள்ளை மூன்று கிழமை அப்படிப் போய் வந்தது. நாலாவது கிழமை கதவு திறந்தபோது சேர் கேட்டாராம், "ஏன் மகள் இவ்வளவு நாளும் வரல்ல?"

கல்வி ஆலோசகர் என்று உங்களுக்கு ஒதுக்கப்பட்டவரின் வேலை பாடத் தெரிவு, கிரெடிட் கணக்கு, படிப்பில் பின்தங்கினால் என்ன வழி என்பவற்றைப் பேசுவது. மாணவர் ஆலோசகர் வேறு. வீட்டுப் பிரச்சினை, பகிடிவதை, மனச்சோர்வு போன்றவற்றுக்கு அவரிடம் போக வேண்டும். பதிவு, பரீட்சை, கடிதம் என்றால் உதவிப் பதிவாளரின் அலுவலகம். வேலை, பயிற்சி இடம் என்றால் தொழில் வழிகாட்டல் பிரிவு. ஆளை மாற்றிப் போய் அலைக்கழிந்து, "கெம்பஸில ஒருத்தரும் உதவி செய்யினம் இல்லை" என்று வருபவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இதுவரை வந்த பெறுபேறு, அடுத்த செமஸ்டருக்கு எடுக்க நினைக்கும் பாடங்கள், இரண்டு கேள்விகள், எல்லாம் ஒரே தாளில். "சேர், நான் என்ன எடுக்கட்டும்?" என்றால் அவரால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். "சேர், நான் புள்ளிவிபரவியல் எடுக்க நினைக்கிறன். முதல் வருசக் கணிதத்தில சி தான். இதை எடுத்தா மூண்டாம் வருசத்தில எனக்கு எந்தப் பாடம் திறக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலம் இருந்து பேசுவார். திரும்பி வந்ததும் அவர் சொன்னதைத் திகதியோடு எழுதி, "இப்படித்தான் விளங்கிக்கொண்டேன், சரியா?" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

8. "ஜிபிஏ எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது? வெப்சைட்டில வரும்வரைக்கும் தெரியாதா?"

ஜிபிஏ என்றால் உங்கள் சராசரித் தரப்புள்ளி. நீங்களே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0. தரப்புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு 3 கிரெடிட் பாடத்தில் ஏ, இன்னொரு 3 கிரெடிட்டில் பி, 2 கிரெடிட்டில் சி பிளஸ், மற்ற 2 கிரெடிட்டில் சி. 12, 9, 4.6, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 29.6. பத்தால் வகுத்தால் 2.96. அந்தச் சி பிளஸ் மட்டும் பி மைனஸாக இருந்திருந்தால் 3.04 வந்திருக்கும். வழமையான எல்லைகள் இவை: முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00, சாதாரண சித்திக்கு 2.00. ஒரு சின்னப் பாடத்தில் ஒரு படி இறங்கியதால் வகுப்பே கைநழுவிப் போவதைப் பாருங்கள்.

9. "முதல் வருசம் சும்மாதானே? ரெண்டாம் வருசத்தில பிடிச்சிடலாம்."

பிடிக்கலாம், ஆனால் விலை உண்டு. நாலு வருடப் படிப்பில் எல்லா வருடமும் கணக்கில் சேர்கிறது என்று வைப்போம். முதல் வருடம் 30 கிரெடிட்டில் 2.50 எடுத்தவர் கடைசியில் 3.30 பெற, மிச்ச 90 கிரெடிட்டிலும் சராசரியாக 3.57 எடுக்க வேண்டும். பி பிளஸுக்கு மேலே, மூன்று வருடம், ஒரு தடவையும் சறுக்காமல்.

சில பீடங்களில் முதல் வருடப் புள்ளி வகுப்புச் சித்திக்குச் சேராது. அதைக் கேட்டுச் சந்தோசப்படுகிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். பொதுவும் கௌரவமும் பிரியும் இடங்களில், கௌரவத்துக்கு எடுப்பது அந்த ஆரம்பப் புள்ளிகளைப் பார்த்துத்தான்.

10. "எனக்கு ஸ்பெசல் கிடைக்கல்ல. மூண்டு வருச டிகிரியோட என் படிப்பு முடிஞ்சுதா?"

இல்லை மகன். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும், கௌரவமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆசிரிய சேவைக்குப் பட்டதாரிகளாகப் போனவர்களில் பொதுப் பட்டம் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார்கள். முதுமாணிக்கும் போகலாம்.

இறுக்கமான கதவு ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. விரிவுரையாளராக வர ஆசைப்படுபவருக்கு முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ உள்ள கௌரவப் பட்டம் பொதுவாக வேண்டும். நேரே எம்.ஃபில் என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் போவதற்கும் கௌரவப் பட்டம் கைகொடுக்கும். அந்த ஆசை இருப்பவர் 9ஆம் பதிலை முதல் வருடத்திலேயே வாசிக்க வேண்டும்.

11. "ஒரு பாடம் ஃபெயில். ரிப்பீட் எடுத்து ஏ எடுத்தாச் சரிதானே?"

பொதுவாக ரிப்பீட் பரீட்சையில் எவ்வளவு எழுதினாலும் பதிவாகும் தரம் சி தான். அந்தப் பாடத்தின் 2.0 உங்கள் கணக்கில் கடைசிவரை நிற்கும். வகுப்புச் சித்தியைக் குறித்த காலத்துக்குள் முடித்தவருக்கே கொடுக்கும் விதியும் பல இடங்களில் இருக்கிறது.

சி மைனஸ், டி எடுத்தவர்கள் கேட்பது வேறு: "விடலாமா, திரும்ப எழுதவா?" மொத்த ஜிபிஏ 2.00 க்கு மேல் இருந்தால் இப்படியான சில பாடங்களைப் பீடம் மன்னிக்கும், எத்தனை கிரெடிட் வரை என்பது கைநூலில் இருக்கும். அந்த எல்லைக்குள் நின்றாலும், அடுத்த வருடப் பாடத்துக்கு அது முன்தேவையா என்று பாருங்கள். முன்தேவை என்றால் எழுதுவதே நல்லது, அத்திவாரம் இல்லாமல் மேல்மாடி நிற்காது.

12. "பரீட்சை அண்டைக்குக் காய்ச்சல். போய் ஏதோ எழுதிட்டு வரட்டா, விடட்டா?"

2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களை நம்முடைய மாவட்டம் மறக்கவில்லை. காய்ச்சலை விளையாட்டாக எடுக்காதீர்கள். உண்மையில் ஏலாது என்றால் பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டாம். போய் எழுதினால் அது ஒரு தடவையாக எண்ணப்படும், பிறகு காட்டும் மருத்துவச் சான்றிதழுக்கு வலு குறைவு.

அன்றைக்கே யாரையாவது கொண்டு பீடத்துக்கு அறிவியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிச் சான்றிதழை, கைநூலில் சொன்ன நாட்களுக்குள், பல்கலைக்கழக வைத்திய அதிகாரிக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கருதப்படும், 11ஆம் பதிலில் சொன்ன சி எல்லை உங்களைத் தொடாது. நாள் பிந்தினால் தொடும். வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வாட்டில் படுத்திருக்கும் பிள்ளையால் கடிதம் கொண்டு போக முடியாது.

13. "நிலாவெளியில சீசனுக்கு ஹோட்டல் வேலை கிடைக்குது. படிச்சுக்கொண்டே செய்யலாமா?"

வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், செய்யாதே என்று சொல்ல மாட்டேன். விடுமுறையில் செய்யுங்கள். செமஸ்டர் நடக்கும்போது 80 வீத வருகை என்ற எல்லையை மறக்காதீர்கள், அதற்குக் கீழே போனால் பரீட்சைக்கே இருக்க விடமாட்டார்கள். வேலைக்கு முன்னால் மகாபொல புலமைப்பரிசில், உதவுதொகை இரண்டுக்கும் விண்ணப்பித்தாயிற்றா என்று பாருங்கள். மகாபொல நிதியம் 1981 இலிருந்து இருக்கிறது. ஆனாலும் வருமானச் சான்றிதழைக் கிராம சேவகரிடம் நேரத்துக்கு எடுக்காமல் அந்தக் காசை இழந்தவர்களை வருடா வருடம் காண்கிறேன்.

14. "நான் தமிழ் மீடியம். லெக்சர் இங்கிலீசில நடக்குது, ஒண்டும் விளங்கல்ல. கோர்சை விடட்டா?"

விட வேண்டாம். முதல் செமஸ்டரில் பக்கத்தில் இருப்பவருக்கும் விளங்கியிருக்காது. அன்றைய விரிவுரையில் வந்த பத்துச் சொற்களை எழுதி, அன்றிரவே தமிழில் உங்கள் வார்த்தையால் விளக்கி எழுதுங்கள். உயர்தரத்தில் படித்த விசயம்தான் வேறு உடுப்பில் வருகிறது என்று மூன்று நாலு கிழமையில் பிடிபடும். ஆங்கிலத்தில் எழுதிப் பழகாமல் பரீட்சைக்குப் போகக் கூடாது, அதற்கு ஒப்படைகளே பயிற்சி. கட்டாய ஆங்கிலப் பாடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். ஏன் என்பது 17 இல்.

15. "எனக்கு ஒரு கெம்பஸும் கிடைக்கல்ல. டவுனில ஒரு இடத்தில வெளிநாட்டு டிகிரி எண்டு சொல்லினம், சேரலாமா?"

காசு கட்டுவதற்கு முன்னால் ஒரே கேள்வி: பட்டத்தை வழங்குவது யார்? படிப்பிக்கும் இடத்தின் பெயரும் சான்றிதழில் வரும் பெயரும் வேறாக இருக்கும். சான்றிதழில் வரும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கற்கைநெறியின் பெயரையும் எழுத்தில் வாங்கி, அது இலங்கையில் ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தாயின் சங்கிலி அடகில் இருக்கும் காசு அது.

அதோடு வேறு வழிகளையும் பாருங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அரசாங்கப் பல்கலைக்கழகம், அதற்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர்தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்கள் திருகோணமலையிலேயே இருக்கின்றன. ஆசிரியராக விரும்புவோருக்குத் தேசிய கல்வியியல் கல்லூரிகள் உண்டு.

16. "வீட்டில கலியாணம் பேசி முடிச்சிட்டினம். ஒரு வருசம் நிப்பாட்டிப் பிறகு போகலாமா?"

போகலாம், சொல்லிவிட்டு நின்றால். படிப்பைப் பிற்போடக் காரணத்தோடு விண்ணப்பித்து, பீடம் அனுமதித்த கடிதத்தைக் கையில் எடுத்த பிறகு நில்லுங்கள். சும்மா போகாமல் விட்ட பிள்ளைகள் திரும்பி வரும்போது பதிவே இல்லாமல் போயிருக்கிறது. ஆகக்கூடிய படிப்புக் காலத்தையும் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் திரும்பிப் போகும் திகதியை முதலே சொல்லிவிடுங்கள்.

17. "ஜிபிஏக்குச் சேராத பாடம்தானே, விட்டா என்ன? அதோட பதிவுப் படிவத்தில அட்வைசரும் கையெழுத்து வைச்சவர், பிழை எண்டா அவருடையதுதானே?"

கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. நாலு வருடம் முடித்து, பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் இல்லை. எட்டுச் செமஸ்டர் பெறுபேற்றுத் தாள்களையும் மேசையில் பரப்பி, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டினோம். முதல் தடவை 118 வந்தது. பிழையாகக் கூட்டிவிட்டோம் என்று திரும்பக் கூட்டினோம், திரும்பவும் 118. இரண்டாம் வருடத் தாளில் ஒரு வரி வெறுமையாக இருந்தது, 2 கிரெடிட் ஆங்கிலம். "அது ஜிபிஏக்குச் சேராதெண்டு சொன்னவை மிஸ்" என்றது பிள்ளை. சேராதுதான். ஆனால் பட்டத்துக்கு அது கட்டாயம். கண்ணீர் விழுந்து பென்சில் எழுத்துக் கலங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. தனக்கு இளைய பெட்ச் பிள்ளைகளோடு இருந்து அந்த ஒரு பரீட்சையை எழுதி, ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம் எடுத்தது.

ஆலோசகரின் கையெழுத்து அந்தச் செமஸ்டருக்கான தெரிவை அவர் பார்த்தார் என்பதற்கு அடையாளம். மொத்தக் கணக்குக்குப் பொறுப்பு மாணவர் என்றே விதிகள் சொல்லும். அவரோடு சண்டை பிடித்தால் நேரம்தான் போகும், அவரையே துணைக்கு அழையுங்கள். துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதி, எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், அடுத்த பரீட்சை எப்போது, அதற்கு முன்னால் வேறு ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிரதி ஒன்று உதவிப் பதிவாளருக்கு. உங்கள் பிரதியில் அலுவலகத் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னும் நாலாம் வருடத்துக்குப் போகாதவர்கள் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, கைநூலின் கட்டாயப் பாடப் பட்டியலை ஒரு பக்கமும் முடித்த பாடங்களை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். ஏதாவது வரி வெறுமையாக இருந்தால் திங்கட்கிழமையே ஆலோசகரின் கதவைத் தட்டுங்கள். தனியே பார்க்கப் பயமாக இருந்தால் சனிக்கிழமை பெறுபேற்றுத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு வாருங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது.